பிடி அரிசி முதல் சம்பள மானியம் வரை

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். வேலைக்குப் போகும் வயதில் பிள்ளை இருக்கிற வீடு என்றால் கடைசிப் பகுதியையாவது கட்டாயம் படியுங்கள்.

போன மாதம் ஒரு அம்மா தன் மகளுடன் வீட்டுக்கு வந்தார். அந்த அம்மாவும் என் மாணவிதான். ஆறாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவர். இப்போது பட்டாசு ஆபீஸில் வேலை. மகள் பி.காம். முடித்து, சிவகாசியில் ஓர் அச்சகத்தின் கம்ப்யூட்டர் அறையில் ஏழு மாதமாக வேலை செய்கிறாள். பில் போடுவது, ஆர்டர் பதிவது, லேபிள் டிசைனில் எழுத்துத் திருத்தம் செய்வது, வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு மாதிரி அனுப்புவது.

அம்மா நேரடியாக விஷயத்துக்கு வந்தார். "சார், ஒம்போதாயிரம்னு சொல்லி கையெழுத்து வாங்கிட்டு ஏழாயிரத்து ஐநூறுதான் குடுக்காங்க. மாசம் ஆயிரத்து ஐநூறு பிடிக்காங்க. கேட்டா, 'மிச்சம் கவர்மெண்டு போடும்'ங்காங்க. கவர்மெண்டு எதுக்கு சார் இவ சம்பளத்த குடுக்கணும்? நெசமா, இல்ல நம்ம பிள்ளைய ஏமாத்துறாங்களா?"

"ஒப்பந்தத் தாள் இருக்காம்மா?" என்று கேட்டேன். மகள் செல்போனில் காட்டினாள். படித்துப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. அவளைத் தொழிற்பழகுநராக, நம் வழக்கில் அப்ரண்டிஸாக, எடுத்திருக்கிறார்கள். மாதம் 9,000 ரூபாய் உதவித்தொகை. அதில் 1,500 ரூபாயை மத்திய அரசு அவளுடைய வங்கிக் கணக்கில் நேரடியாகப் போட வேண்டும். ஏழு மாதமாக அது வரவில்லை. காரணம் என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

"அரசாங்கம் எதுக்குக் குடுக்கணும்?" என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன். அசோகர் நட்ட மரங்களையும் அக்பரின் நிலவரியையும் பற்றிக் கேள்வி கேட்டு மார்க் போட்டிருக்கிறேன். நம் ஊரில் ஓர் இளம்பிள்ளையை வேலைக்குத் தயார் செய்யும் செலவை எந்தக் காலத்தில் யார் கொடுத்தார்கள் என்று ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை. அந்தப் பாடம்தான் இது.

முதலில் விருதுபட்டிக்குப் போவோம். விருதுநகரின் பழைய பெயர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வணிகம் செய்த நாடார் உறவின்முறையில் 'மகமை' என்று ஒரு பழக்கம் இருந்தது. மூட்டை ஏறினாலும் இறங்கினாலும், விற்றாலும் வாங்கினாலும், அதில் ஒரு சிறு பங்கு பொது நிதிக்குப் போகும். கிணறு, சத்திரம், கோயில் எல்லாம் அதிலிருந்து வந்தன. 1880களின் இறுதியில் க்ஷத்திரிய வித்யாசாலா தொடங்கியபோது வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்து அதையும் சேர்த்துப் பள்ளியை நடத்தினார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி தனிப் பானையில் விழும். அந்தப் பள்ளியில்தான் காமராசர் படித்தார்.

இந்த ஏற்பாட்டில் ஒன்றைக் கவனியுங்கள். பணம் கொடுத்தது முதலாளிகளும் குடும்பங்களும். பலன் அடைந்தது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். யார் கொடுத்தார்கள், எதற்குப் போனது என்பது ஊருக்கே தெரியும். ஒரு சமூகத்தின் எல்லைக்குள் நடந்த காரியம் என்ற குறை அதற்கு உண்டு. ஆனால் கொடுத்தவர் கண்ணுக்கும் பெற்றவர் கண்ணுக்கும் முன்னால் கணக்கு இருந்தது.

அடுத்தது சிவகாசி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை பொய்த்த ஊர், விவசாயத்தை நம்பிப் பயனில்லை என்று கிளம்பியவர்கள். என் கணக்கில் சிவகாசியின் முதல் இரண்டு அப்ரண்டிஸ்கள் அவர்கள்தான். உதவித்தொகை யாரும் கொடுக்கவில்லை. சொந்தக் காசு, சொந்தத் துணிச்சல். முதலில் ஜெர்மன் இயந்திரம் வரவழைத்தார்கள். பிறகு கைவேலைக்கு மாறினார்கள். இந்த வறண்ட பூமியில் இயந்திரத்தை விட மலிவாகக் கிடைத்தது மனிதக் கைதான்.

அரசாங்கம் இந்தக் கதைக்குள் வருவது வரி வழியாக. அதே 1922-ல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கான இறக்குமதி வரி ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் ஆனது. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. வருமானத்துக்காகப் போட்ட வரிதான், ஆனால் அது உள்நாட்டுத் தொழிலுக்குப் பெரிய அரணாக அமைந்தது. ஸ்வீடன் கம்பெனிக்காரர்களே கப்பலில் அனுப்புவதை விட்டு இந்தியாவுக்குள் விம்கோ தொழிற்சாலைகளைத் தொடங்கும் அளவுக்கு. 1934-ல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் கலால் வரி வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, பெரிய இயந்திரத் தொழிற்சாலையின் தீப்பெட்டியை விடக் கையால் செய்த தீப்பெட்டிக்குக் கலால் வரியைக் குறைத்து வைத்தார்கள். அதிகம் பேருக்கு வேலை கொடுக்கும் தொழில் பிழைக்கட்டும் என்பதே நோக்கம்.

யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு சம்பள மானியம்தான். "ஆள் வைத்து வேலை வாங்கு, உனக்கு வரியில் தள்ளுபடி" என்பதுதான் அதன் பொருள். நோக்கத்தில் தவறு இல்லை. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் லட்சக்கணக்கான குடும்பங்கள் அதனால் கஞ்சி குடித்தன. ஆனால் அந்தத் தள்ளுபடி பெட்டியை எண்ணியது. பெட்டி செய்த கை யாருடையது, அந்தக் கைக்கு வயது என்ன என்று அது கேட்கவில்லை.

அந்தக் கைகளில் பல என் வகுப்பில் இருக்க வேண்டியவை. இந்த ஊரில் ஆசிரியராக இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் கிராமத்துக்கு வந்துவிடும். குச்சி அடுக்க, பெட்டி ஒட்ட, லேபிள் ஒட்டப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். நாங்கள் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து, வராத பெயர்களை வரிசையாக வாசிப்போம். கூலி எண்ணிக்கைக் கணக்கு. பல வீடுகளில் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அதைக் கழிக்கும் வரை பிள்ளை திரும்பாது.

சட்டம் எப்படி நகர்ந்தது என்று பாருங்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடுப்பு மற்றும் முறைப்படுத்தல் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1990-ல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பு நடக்கும் இடத்தில் பிள்ளைகள் இருக்கக் கூடாது, தள்ளி இருக்கும் இடத்தில் பேக்கிங் வேலை செய்யலாம், அதற்குப் பெரியவர் கூலியில் 60 விழுக்காடு தர வேண்டும் என்றது. பிள்ளையின் கைக்கு விலை எழுதிய தீர்ப்பு அது. ஆறு ஆண்டு கழித்து, 1996 டிசம்பர் 10 அன்று, அதே மேத்தா வழக்கில் வேறு குரலில் தீர்ப்பு வந்தது. ஆபத்தான தொழிலில் பிள்ளையை வைத்திருந்த முதலாளி, ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும். அந்த வீட்டில் ஒரு பெரியவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும், இல்லையென்றால் தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். அந்தப் பணத்தின் வட்டி, பிள்ளை பள்ளிக்குப் போகும் வரை குடும்பத்துக்கு.

இதற்கிடையே 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியது. முதல் சுற்றில் தேர்ந்தெடுத்த சில மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளி, மதிய உணவு, மாதம் 100 ரூபாய் உதவித்தொகை. பின்னால் அந்த 100 ரூபாயைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் போட்டு, வழக்கமான பள்ளியில் சேர்ந்த பிறகு கையில் கொடுத்தார்கள்.

அதாவது, எழுபது எண்பது ஆண்டுகளில் சக்கரம் ஒரு முழுச் சுற்று வந்துவிட்டது. முதலில், ஆள் வைத்தால் தள்ளுபடி என்றது அரசு. பிறகு, பிள்ளையை வெளியே விட்டால் பணம் தருகிறேன் என்றது. என் வீட்டுக்கு வந்த அந்த அம்மா, இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தவர். ஆறாம் வகுப்போடு அவர் பெயர் என் பதிவேட்டிலிருந்து நின்றது. நான் அவர் வீட்டுக்கு இரண்டு முறை போய்ப் பேசினேன். மூன்றாவது முறை போகவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இனி, அவர் மகளின் 1,500 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

தொழிற்பழகுநர் சட்டம் 1961-ஆம் ஆண்டுச் சட்டம். தொழிற்சாலை வைத்திருப்பவர் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இளைஞர்களைச் சேர்த்துத் தொழில் கற்றுத்தர வேண்டும் என்ற கடமையை அது விதித்தது. ஆரம்பத்தில் ஃபிட்டர், டர்னர் போன்ற ஐ.டி.ஐ. தொழில்களுக்குத்தான். 1973 திருத்தத்தில் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும் உள்ளே வந்தார்கள். அவர்களுடைய உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. முதலாளி முழுத் தொகையையும் முதலில் கொடுத்துவிட்டு, பாதியைச் சென்னையில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்திடமிருந்து திரும்பப் பெறுவார்.

2014-ல் சட்டத்தைப் பெரிதாகத் திருத்தினார்கள். பி.ஏ., பி.காம். போன்ற பட்டம் படித்தவர்களும் வரலாம், அலுவலக வேலை, கணினி வேலை போன்றவற்றுக்கும் எடுக்கலாம் என்று வழி திறந்தது. 2016 ஆகஸ்டில் தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் வந்தது. 10,000 கோடி ரூபாய் மதிப்பீடு, 50 லட்சம் பேருக்குப் பயிற்சி என்ற இலக்கு. உதவித்தொகையில் கால் பங்கு, அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாய், அரசு தரும். அந்தப் பெண்ணுடைய 1,500 இதுதான். 2019 விதிகளின்படி பட்டதாரிக்குக் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் கட்டாயம் எடுக்க வேண்டும். நாலு பேர் இருந்தாலே விருப்பப்பட்டு எடுக்கலாம். சிவகாசியின் சின்ன அச்சகங்களுக்கும் கதவு திறந்தது இப்படித்தான்.

2016 ஆகஸ்டிலேயே இன்னொரு திட்டமும் வந்தது. பிரதம மந்திரி ரோஜ்கார் புரோட்சாகன் யோஜனா. மாதம் 15,000 ரூபாய்க்குள் சம்பளம் உள்ள புதிய தொழிலாளிக்கு முதலாளி கட்ட வேண்டிய ஓய்வூதியப் பங்கு 8.33 விழுக்காட்டை அரசே கட்டியது. 2018-ல் அது முழு 12 விழுக்காடு ஆனது. சுமார் 1.2 கோடித் தொழிலாளர்கள் பெயரில் பணம் போனது. கொரோனா காலத்தில், 2020 அக்டோபர் முதல், ஆத்மநிர்பர் பாரத் ரோஜ்கார் யோஜனாவில் ஆயிரம் பேர் வரை உள்ள நிறுவனங்களுக்கு இரு தரப்புப் பங்கையும் சேர்த்து 24 விழுக்காட்டை இரண்டு ஆண்டு அரசு கட்டியது. சுமார் 60 லட்சம் பேர்.

உங்களில் எத்தனை பேர் வீட்டில், "என் பி.எஃப். பங்கை அரசாங்கம் கட்டியது" என்று ஒரு பிள்ளை சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்? நான் கேட்டதில்லை. இத்தனை கோடிப் பேருக்கு நடந்த காரியம், நடந்தவர்களுக்கே தெரியாமல் நடந்திருக்கிறது.

கணினி வேலைக்கென்று தனியாகவும் மானியங்கள் வந்தன. தமிழ்நாடு அரசு 2010-ல் கிராமப்புற பி.பி.ஓ. கொள்கை வெளியிட்டு முதலீட்டுக்கும் பயிற்சிக்கும் மானியம் அறிவித்தது. மத்திய அரசின் இந்திய பி.பி.ஓ. ஊக்குவிப்புத் திட்டம், பெருநகரங்களுக்கு வெளியே 48,300 இருக்கைகளை உருவாக்க வந்தது. ஓர் இருக்கைக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உதவி. பெண்களை அதிகம் சேர்த்தால் கூடுதல் ஊக்கத்தொகையும் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் அடிப்படைக் கணக்கு நாற்காலியை வைத்து. முன்பு தீப்பெட்டியை எண்ணினார்கள், இப்போது நாற்காலியை எண்ணினார்கள்.

2024 பிப்ரவரியில் தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில் ஓர் அறிவிப்பு. வாசித்தவர் நம் மாவட்டத்துக்காரரான நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு. பன்னாட்டு நிறுவனங்களின் திறன் மையங்களை ஈர்க்க, மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளம் தரும் வேலைகளுக்கு, அந்தச் சம்பளத்தில் முதல் ஆண்டு 30, இரண்டாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 10 விழுக்காட்டை அரசு மானியமாகத் தரும். சென்னையிலும் கோவையிலும் அதற்கு நியாயம் இருக்கலாம். பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போகும் நிறுவனத்தை இங்கே இழுக்க வேண்டும் அல்லவா? ஆனால் சிவகாசியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் எந்தப் பிள்ளைக்கு மாதம் ஒரு லட்சம்? மறு ஆண்டு நிதிநிலை அறிக்கையில் விருதுநகருக்கு ஒரு மினி டைடல் பூங்கா அறிவித்தார்கள். அது வரும்போது எப்படிப்பட்ட வேலை வருகிறது, யாருக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும்.

நம் ஊரின் டிஜிட்டல் வேலை எது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டதால் அச்சுத்தொழில் வந்தது. கல்லில் வரைந்து அச்சடித்த காலம் போய், ஆஃப்செட் வந்து, இன்று கணினியிலிருந்து நேராக அச்சுத்தகட்டுக்குப் போகிறது. காலண்டர், டைரி, நோட்டு அட்டை என்று ஒவ்வோர் அச்சகத்துக்குள்ளும் ஒரு குளிர்சாதன அறை, அதற்குள் சில பிள்ளைகள். பட்டாசுக் கம்பெனிகளில் ஜி.எஸ்.டி. பில் போடுபவர்கள், டாலி பார்ப்பவர்கள். தீபாவளி சீசனுக்கு மட்டும் போன் எடுக்கவும் ஆர்டர் பதியவும் சேர்க்கும் பிள்ளைகளும் உண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு தவிர மற்றவற்றுக்கும், இணைய வணிகத் தளங்களில் பட்டாசு விற்பதற்கும் தடை போட்டபோது, மருந்து அறையில் இருந்தவருக்கு மட்டும் அடி விழவில்லை. கம்ப்யூட்டர் அறைக்கும் விழுந்தது.

ஆனாலும் பெற்றோர் ஏன் பிள்ளையை அந்த அறைக்கு அனுப்பத் துடிக்கிறார்கள்? 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஆசிரியர் தினம். ஒரே விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ. விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புக்காக 2024 நவம்பரில் 5 கோடி ரூபாய் நிதியத்தை முதலமைச்சர் நம் ஊரில் அறிவித்தார். அப்படி ஒரு நிதியம் தேவைப்படும் ஊர் இது. இங்கே ஒரு தாய்க்குக் 'கம்ப்யூட்டர் வேலை' என்றால் சம்பளத்துக்கு முந்தி உயிர். சம்பளம் குறைவு என்று தெரிந்தும் அனுப்புவார். அதனால்தான் அந்த 1,500 ரூபாயைப் பற்றிச் சத்தமாகக் கேட்கவும் தயங்குவார்.

இந்த மானியங்கள் வேலை செய்கின்றனவா? வெளிநாட்டு அனுபவம் இரண்டைச் சொல்கிறேன். 2010-ல் ஜோர்டான் நாட்டில், கல்லூரி முடித்த பெண்களுக்கு ஒரு சீட்டு கொடுத்தார்கள். அந்தப் பெண்ணை வேலைக்கு எடுக்கும் முதலாளிக்கு ஆறு மாதம் குறைந்தபட்சக் கூலி அளவுக்குப் பணம். சீட்டு இருந்தவரை வேலைக்குப் போனவர்கள் எண்ணிக்கை வெகுவாக ஏறியது. சீட்டு முடிந்ததும் பெரும்பாலும் பழைய நிலைக்கே இறங்கிவிட்டது. பிரிட்டனில் 2020-ல் கிக்ஸ்டார்ட் என்று ஒரு திட்டம். உதவித்தொகை பெறும் 16 முதல் 24 வயதுள்ளவர்களை எடுத்தால், வாரம் 25 மணி நேரத்துக்கான குறைந்தபட்சச் சம்பளம் முழுவதையும் ஆறு மாதம் அரசே கொடுத்தது. 2.5 லட்சம் பேர் என்று திட்டமிட்டார்கள். சேர்ந்தது சுமார் 1.63 லட்சம் பேர்.

இவற்றிலிருந்து நான் புரிந்துகொண்டது: மானியம் கதவைத் திறக்கும். உள்ளே போன பிள்ளை எதைக் கற்றது, மானியம் நின்ற பிறகு அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை பழைய அப்ரண்டிஸை அனுப்பிவிட்டுப் புதிய அப்ரண்டிஸை எடுத்தால், அரசுப் பணத்தில் மலிவாக ஆள் கிடைத்தது, அவ்வளவுதான். சட்டமும் இதைத் தடுக்கவில்லை. பயிற்சி முடித்தவருக்கு வேலை தருவது பற்றி முதலாளி தன் கொள்கையைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்கிறது 22-வது பிரிவு. அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர் என்கிறது 18-வது பிரிவு. ஆகவே பி.எஃப். கிடையாது, அந்த ஒரு வருடம் பணிக்காலக் கணக்கிலும் சேராது.

நல்ல மாற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து, அரசின் பங்கு முதலாளிக்குப் போகாமல் அப்ரண்டிஸின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகிறது. பட்டதாரி, டிப்ளமோ திட்டத்திலும் 2024-ல் அந்த முறை வந்தது. பழைய சிறப்புப் பள்ளிப் பிள்ளையின் பெயரில் 100 ரூபாய் போட்டது போல, பணம் உரியவர் பெயரிலேயே போகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்து, மானியம் பெறும் கணக்காகப் பதிவாகியிருக்க வேண்டும். நம் பெண்ணுக்கு அது செய்யவில்லை. பள்ளிக் காலத்தில் உதவித்தொகைக்காகத் திறந்த வேறொரு கணக்கு இருந்தது, புதுக் கணக்கு இணைக்கப்படவே இல்லை. ஏழு மாதம் பணம் போக வழியில்லை. அச்சகத்தில் யாரும் பிடித்தம் செய்யவில்லை. ஆனால் அவளை உட்கார வைத்து, "உன் பணம் இரண்டு பக்கமிருந்து வருகிறது" என்று யாரும் விளக்கவும் இல்லை. அம்மா ஏழு மாதம் முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்தார். முதலாளி, அரசாங்கம் போடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வங்கிக்குப் போய்ப் படிவம் கொடுத்தோம். இந்த மாதப் பங்கு வந்துவிட்டது. பழைய ஏழு மாதத்துக்கு, 10,500 ரூபாய்க்கு, இணையதளத்தில் முறையீடு பதிந்திருக்கிறோம். இதை எழுதும்வரை பதில் இல்லை.

அவளுக்கு இன்னும் ஐந்து மாதத்தில் பயிற்சி முடியும். அடுத்தது என்ன? இங்கேதான் புதிய திட்டம் வருகிறது. பிரதம மந்திரி விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா. 99,446 கோடி ரூபாய் மதிப்பீடு. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கு. முதல்முறையாக பி.எஃப்.பில் சேரும் தொழிலாளிக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் 15,000 ரூபாய், இரண்டு தவணையாக. ஆறு மாதம் வேலையில் நிலைத்தால் முதல் தவணை, பன்னிரண்டு மாதமும் ஒரு நிதிக் கல்விப் பாடமும் முடித்தால் இரண்டாவது. முதலாளிக்கும் தனியாக உண்டு. சம்பளம் 10,000 வரை என்றால் அதிகபட்சம் 1,000 ரூபாய், 20,000 வரை என்றால் 2,000 ரூபாய், அதற்கு மேல் ஒரு லட்சம் வரை 3,000 ரூபாய், மாதாமாதம் கணக்கிட்டு இரண்டு ஆண்டுக்கு. உற்பத்தித் துறை என்றால் நான்கு ஆண்டுக்கு. 50 பேருக்குக் குறைவான இடம் குறைந்தது இரண்டு பேரைக் கூடுதலாகச் சேர்த்து, ஆறு மாதமாவது வைத்திருக்க வேண்டும்.

அப்ரண்டிஸாக இருந்தவளுக்கு பி.எஃப். இல்லாததால், வேலைக்கு எடுத்தால் அவள் முதல்முறைத் தொழிலாளிதான். 12,000 ரூபாய் சம்பளத்தில் எடுத்தால் முதலாளிக்கு மாதம் 2,000 வரும். ஒரு வருடம் கற்றுக்கொடுத்த பிள்ளையை அனுப்பிவிட்டுப் புதுப்பிள்ளைக்கு மறுபடி கற்றுக்கொடுப்பதை விட இது லாபம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுத்தேன். "சார், இத நானே அவங்ககிட்ட காட்டலாமா?" என்று கேட்டாள். "நீதாம்மா காட்டணும், உன் சம்பளம்தானே" என்றேன். காட்டியிருக்கிறாள். பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளே, முதல் நாளே மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, என்னை அப்ரண்டிஸாக எடுக்கிறீர்களா, தொழிலாளியாகவா? இரண்டு, அப்ரண்டிஸ் என்றால் ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா, அதன் பிரதி எங்கே? தொழிலாளி என்றால் என் பி.எஃப். எண் என்ன? மூன்று, அரசு தரும் பங்கு எவ்வளவு, யார் கணக்குக்கு வருகிறது? மூன்றாவது கேள்விக்கு முன் உங்கள் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

முதலாளிகளாக இருக்கும் என் பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டனார் காலத்து மகமை, எல்லோரும் பார்க்க நடந்தது. இன்று உங்களுக்கு வரும் மானியம் ஊரார் கட்டும் வரியிலிருந்து வருகிறது. பட்டாசு ஆபீஸில் வேலை செய்யும் அந்த அம்மா கடையில் வாங்கும் சோப்பிலும் அந்த வரி இருக்கிறது. அதுவும் ஒரு பிடி அரிசிதான். உங்கள் அறிவிப்புப் பலகையில், எத்தனை அப்ரண்டிஸ் எடுத்தோம், அரசு எவ்வளவு கொடுத்தது, முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கொடுத்தோம் என்று மூன்று வரி எழுதி ஒட்டுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் ஒட்டுங்கள்.

அந்த அம்மா கிளம்பும்போது வாசலில் நின்று, "சார், நீங்க அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மூன்றாவது முறை போகாத ஆசிரியருக்கு அதுவே அதிகம். இந்தப் பதிவை அந்த மூன்றாவது முறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இதில் சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததைக் கேட்டு வந்து சொல்கிறேன்.